கோடையும் எம் கணிப்பொறியும்

புதுவையின் கோடையைப் பற்றிப் புதிதாகக் கூறுதற்கு ஒன்றுமில்லை. கடற்கரைச் சாலையில் உலவுவோர்க்குப் பிற்பகலிலேயே காற்று வாய்க்கும். நகரின் மேற்கே வில்லியனூர்ச் சாலையை ஒட்டிய எம் ரெட்டியார்பாளையத்திற்கு அக்காற்று பிந்தியே வரும். வருங்கால் மெலிந்தே வரும். மனிதர் வெயிலுக்கு அஞ்சி நிழலைத் தேடுவர். மாடுகளும் மரத்தடியை நாடும். ஆயின், வீட்டினுள்ளே மேசைமீதிருக்கும் கணிப்பொறியும் வெம்மைக்கு அஞ்சி இளைக்கும் என்பதனை யாம் 2025ஆம் ஆண்டு மே மாதத்திலேதான் அறிந்தோம்.

தமிழ் பயிலும் மாணவர்க்குக் கணிப்பொறியின் சூட்டைக் குறித்து எழுத என்ன உரிமை என வினவுவார் உளராகலாம். எம் கையாற் பூட்டிய பொறியை எம் கையாலேயே கெடுத்து, பின்னர் வேறொருவர் அறிவால் அதனைத் திருத்திக்கொண்டோம்; அப்பட்டறிவே எமக்குள்ள உரிமை. கல்லூரித் தோழர்காள், நும்முள்ளும் பலர் வீட்டிலேயே கணிப்பொறி கூட்டிக்கொள்ளும் விருப்பினர் ஆதலின், எம் கதை நுமக்குச் சிறிதேனும் பயன்படுமென நம்பி எழுதுகின்றோம்.

எம் பாட்டனார் சிற்றூர்தோறும் சென்று உபதேசியாராய் ஊழியஞ்செய்தவர். அவர் விட்டுச்சென்ற செல்வம் ஒரு தகரப்பெட்டி நிறைந்த கேசட்டுக்களே. எண்ணிப் பார்க்க நாற்பத்திரண்டு இருந்தன. அவர் பாடிய ஞானப்பாட்டுக்களும், மக்களுக்கு உரைத்த கதைகளும், முதியோர் வாய்க்கேட்டுப் பதிந்த தாலாட்டும் ஒப்பாரியும் அவற்றுள் அடங்கியிருந்தன. நாடா பழகிப்போய் இரைச்சல் மிகுந்துவிட்டது. இன்னுஞ் சில கோடைகள் கழியின் அவ்வொலி அறவே அழிந்துபோதலும் கூடும். எம் பாட்டியாரோ, ‘உன் தாத்தா குரலை நான் கண்ணை மூடுமுன் தெளிவாக ஒருமுறை கேட்டுவிட்டால் போதும்’ என்று பலகாலும் கூறுவார். ஆதலின், அவ்வொலிகளைக் கணிப்பொறியில் ஏற்றி, இரைச்சலை நீக்கி, பேச்சினை எழுத்தாக்கும் ‘விஸ்பர்’ என்னும் மென்பொருளைக் கொண்டு பெயர்த்தெழுதத் துணிந்தோம். 2022இல் வெளிவந்த அம்மென்பொருள் தமிழையும் ஓரளவு அறியும். இணையத்தின் துணையின்றி வீட்டுக் கணிப்பொறியிலேயே இயங்கும். ஆனால் அது செயலியை ஓயாது உழைக்கச் செய்யும் இயல்பினது.

மேனிலைப்பள்ளியில் பயிலும் எம் இளவலும் யாமும் சேர்ந்து பொறியைக் கூட்டினோம். சிறார்க்குப் பாடஞ்சொல்லி யாம் ஈட்டிய பணம் அதற்கு உதவிற்று. செயலியாக ‘ரைசன் 5 5600ஜி’ என்பதனைத் தேர்ந்தோம். படங்காட்டும் உறுப்பும் அதனுள்ளேயே அமைந்திருத்தலின் தனியே கிராபிக்ஸ் கார்டு வாங்க வேண்டுவதில்லை. அதன் பெட்டியிலேயே ஒரு சிறிய கூலரும் வந்தது: அலுமினியத் தகடுகள் சூழ்ந்த ஒரு வட்டு, அதன்மேல் ஒரு மின்விசிறி. மார்கழியிலும் தையிலும் யாதொரு குறையுமில்லை.

கத்திரி வெயில் தொடங்கிற்று. அறையின் வெம்மை 36 பாகையைத் தொட்ட ஒருநாள், கேசட்டொன்றின் பேச்சைப் பெயர்த்தெழுதுமாறு பொறியை ஏவினோம். சில நிமிடங்களில் செயலியின் வெம்மை 95 பாகை எனத் திரையில் தோன்றிற்று. அச்செயலிக்கு வகுத்த எல்லை அதுவே. எல்லையை எட்டியவுடன் அது தன் வேகத்தைத் தானே குறைத்துத் தன்னைக் காத்துக்கொள்ளும். அதனால் பொறி கெடவில்லை. ஆனால் வேலை நத்தைபோல் ஊர்ந்தது. அன்றியும், சிறு விசிறி தன் முழு வேகத்திற் சுழன்று வண்டுபோல் இரையலாயிற்று. எம் வீட்டில் அறைகள் இரண்டே. பாட்டியாரின் கட்டில் கணிப்பொறி மேசைக்கு நாலடித் தொலைவிற் கிடப்பது. இரவெல்லாம் அவர் புரண்டு புரண்டு படுத்தார். ‘இரைகிறதே’ என்று ஒருகாலுஞ் சொன்னாரல்லர். அதுவே எமக்கு மிக உறுத்திற்று. தாத்தா குரலுக்காகப் பாட்டியாரின் உறக்கத்தை அன்றோ விலையாகக் கொடுத்துக்கொண்டிருந்தோம்!

கூலரை மாற்றுதல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. எதனைக் கொள்வது என்பதே வினா. இளவல் விடையை முன்னரே வைத்திருந்தான். ‘அக்கா, தண்ணீர்க் கூலர் வாங்குவோம். காற்றைவிடத் தண்ணீர்தானே குளிர்ச்சி?’ என்றான். விலை 7,200 ரூபாய். எம் கையில் இருந்ததோ இரண்டாயிரத்திற்குச் சற்று மேல். இதனைக் கேட்டுக்கொண்டிருந்த பாட்டியார், தலையணை உறையினுள்ளிருந்து ஒரு துணிமுடிச்சை எடுத்து நீட்டினார். கண்ணாடி மாற்றுதற்கென முதியோர் உதவித்தொகையிலிருந்து அவர் சிறுகச் சிறுகச் சேர்த்த 8,000 ரூபாய் அதனுள் இருந்தது. ‘கண்ணாடி மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்’ என்றார். அம்முடிச்சைக் கண்டபின் எமக்கு விளையாட்டு மனம் நீங்கிற்று. வாங்குமுன் பொருளை நன்கு ஆய்ந்து அறிதல் வேண்டுமெனத் தீர்மானித்தோம்.

இனி, யாம் அறிந்தவற்றைச் சுருங்கக் கூறுவாம். செயலி உண்ணும் மின்னாற்றல் ஏறத்தாழ முழுவதும் இறுதியில் வெம்மையாகவே வெளிப்படும். 1946இல் அமெரிக்காவில் உலகறியக் காட்டப்பெற்ற ‘எனியாக்’ என்னும் கணிப்பொறி ஏறத்தாழ 18,000 வெற்றிடக்குழல்களைக் கொண்டு 150 கிலோவாட் அளவு மின்னாற்றலை உண்டது. அவ்வெப்பத்தைப் போக்கப் பெரும் விசிறிகள் தேவைப்பட்டன. எம் சிறு செயலிக்குக் குறித்த அளவு 65 வாட். கடுமையாக உழைக்குங்கால் அதற்குச் சற்று மேலும் உண்ணும். பழைய குண்டு மின்விளக்கு ஒன்றின் வெப்பந்தான். ஆயினும் அது விரல்நகம் போன்ற சிறு பரப்பிற் பிறத்தலினாலேயே இடர் விளைகின்றது.

வெம்மை மிக்க இடத்தினின்று குறைந்த இடத்திற்கே வெப்பம் செல்லும். அது செல்லும் முறையினைக் கணக்கியலால் விளக்கிப் பிரெஞ்சு அறிஞர் ஜோசப் பூரியே 1822இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். செயலியிற் பிறந்த வெப்பம் முதலில் அதன் உலோக மூடிக்கு ஏறும். அங்கிருந்து கூலரின் அடித்தட்டிற்குச் செல்லும். பின் தகடுகளுக்குப் பரவும். விசிறிக் காற்று அதனைக் கவர்ந்து அறைக்குக் கொண்டு செல்லும். இவ்வழியில் உலோகமும் உலோகமும் தொடும் இடமே இடுக்கண் மிக்கது. பளபளப்பாய்த் தோன்றும் இரு தட்டுகளை அழுத்தி வைப்பினும் இடையே நுண்ணிய பள்ளங்களில் காற்று தங்கும். செம்பு காற்றைக் காட்டிலும் ஏறத்தாழ 15,000 மடங்கு நன்கு வெப்பத்தைக் கடத்துவது. ஆதலின் அக்காற்றை அகற்றுதற்கே ‘தெர்மல் பேஸ்ட்’ என்னும் களிம்பினை மெல்லிதாய் இடுகின்றனர். களிம்பு வெப்பத்தைத் தானே விழுங்குவதன்று; இடைவெளியை நிரப்பிப் பாலமாக நிற்பதே அதன் தொழில். மிகுதியாக இடுதலால் நன்மை மிகாது.

நிற்க. தண்ணீர்க் கூலர் என்பது யாது? செயலியின்மேல் ஒரு செப்புத் தட்டு, அதனைத் தொட்டு ஓடும் நீர்மம், அதனைத் தள்ளும் சிறு பம்பு, இரண்டு குழாய், பெட்டியின் விளிம்பிற் பொருத்தும் ரேடியேட்டர், அதற்கு இரண்டு விசிறி. ஒரே பருமனுள்ள நீரும் காற்றும் ஒரே அளவு சூடேறுங்கால், காற்றினும் 3,000 மடங்குக்கு மேற்பட்ட வெப்பத்தை நீர் ஏந்தும். 200 வாட்டும் அதற்கு மேலும் உண்ணும் பெருஞ்செயலிகளுக்கு இம்முறை மிகப் பொருந்தும். 1985இல் வந்த ‘கிரே 2’ என்னும் பேராற்றற் கணிப்பொறியின் உறுப்புக்கள் முழுமையும் மின்கடத்தா நீர்மத்துள்ளேயே அமிழ்ந்து கிடந்தன. ஆகவே இளவல் கூறியதில் உண்மை இல்லாமலில்லை.

ஆயினும் அவன் மறந்தது ஒன்றுண்டு. நீர் வெப்பத்தைச் சுமந்து செல்லுமேயன்றி அழிப்பதன்று. ரேடியேட்டரை அடைந்தபின் அவ்வெப்பம் எம் அறைக் காற்றிடமே ஒப்படைக்கப்படல் வேண்டும். அறை 36 பாகையாயின், விசிறிக் கூலராயினும் நீர்க் கூலராயினும் செயலியை 36 பாகைக்குக் கீழே கொணர இயலாது. இரண்டிற்கும் காற்றே கடைசிக் கடன்காரன். பாட்டியார் இதனைக் கேட்டு, ‘மண்பானைத் தண்ணீர் மட்டும் அறையைவிடச் சில்லென்று இருக்கிறதே’ என்றார். கூரிய வினா! பானையின் நுண்துளைகளிற் கசியும் நீர் ஆவியாகி வெளியேறுங்கால் வெப்பத்தையும் உடன்கொண்டு போதலால் பானை குளிர்கின்றது. தண்ணீர்க் கூலரின் நீரோ மூடிய குழாயினுள்ளே சுற்றுவது. அது வெளியே ஆவியாவதில்லை. பனிக்கட்டியிட்டுக் குளிரச் செய்தால் என்ன எனின், கடலோரத்து ஈரக்காற்று குளிர்ந்த தட்டின்மீது பனித்து நீர்த்துளியாகி மின்னுறுப்புக்களைக் கெடுத்துவிடும்.

இனி, விசிறிக் கூலர்களுள் கோபுரம்போல் நிமிர்ந்து நிற்பன உள. அவற்றின் சிறப்பு ஹீட் பைப் என்னும் செப்புக்குழாய்களில் உள்ளது. 1963இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் இக்குழாயினை ஆக்கிக் காட்டினார். குழாயினுள்ளே காற்றை அகற்றிச் சிறிது நீரை அடைத்திருப்பர். அழுத்தம் குறைந்தமையின் அந்நீர் சிறு வெம்மையிலேயே ஆவியாகி மேலேறும். மேலே தகடுகளிடம் வெப்பத்தை விட்டு மீண்டும் நீராகி, உட்சுவரிலுள்ள திரிபோன்ற அமைப்பின்வழி அடிக்குத் திரும்பும். பானை செய்யும் தொழிலின் ஒரு பாதியை மூடிய குழாயினுள் செய்தல் போலும் இது. பம்பில்லை; கசிவில்லை. விசிறி நின்றுபோயினும் மாற்றுவிசிறி எளிதிற் கிடைக்கும். நீர்க் கூலரிலோ பம்பு பழுதுற்றால் பெரும்பாலும் முழுவதையுமே மாற்ற நேரும்.

1842இல் சென்னைக் கடற்கரையில், அமெரிக்காவினின்று கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்தற்கென ஒரு கட்டடம் எழுந்தது. இன்று அது விவேகானந்தர் இல்லமாக விளங்குகின்றது. கடல் கடந்து பனிக்கட்டி வரவழைத்தோரை யாம் பழிக்கவில்லை. மருந்திற்கும் மருத்துவத்திற்கும் அது வேண்டப்படும் இடமும் உண்டு. தாகத்திற்கு மட்டுமாயின் மண்பானையே அமையும். 65 வாட் செயலிக்கு நாலு செப்புக்குழாயும் 120 மில்லிமீட்டர் விசிறியும் கொண்ட கோபுரக் கூலரே சாலும். பெரிய விசிறி மெதுவாகச் சுழன்றே போதிய காற்றைத் தருதலின் இரைச்சலும் குறையும். விலையோ 1,900 ரூபாய். பாட்டியாரின் முடிச்சை அவர் தலையணைக்கே திருப்பினோம். இளவல் முகம் வாடினான்.

சென்னை ரிச்சித் தெருவிற்கு உறவினர் ஒருவரோடு சென்று, கூலரை வாங்கி வந்தோம். பழையதைக் கழற்றுமுன் பொறியைச் சிறிது நேரம் ஓட்டிக் களிம்பினை இளக்கி, பின் நிறுத்தி, இடம் வலமாகத் திருப்பி எடுத்தோம். இவ்வாறு செய்யாவிடில் களிம்பு பற்றிக்கொண்டு செயலியே தாங்கியினின்று பெயர்ந்து வருதலும் உண்டு. பழைய களிம்பைத் துடைத்துப் புதியதை இட்டு, கோபுரத்தை நிறுத்தி, பெருமிதத்தோடு பொறியை முடுக்கினோம்.

ஒரு நிமிடம் கழியவில்லை. திரையில் 95 பாகை. பழைய கூலரினும் இது கீழாயிற்று!

‘தண்ணீர்க் கூலர்தான் வேண்டும் என்று சொன்னேனே, அக்கா’ என்றான் இளவல். யாம் சினந்து அவனைக் கடிந்தோம். களிம்பினை அவன் சரியாக இடவில்லை என்றும் கூறினோம். உண்மையில் களிம்பை இட்டது எம் கையே. பின்னர்க் கைப்பேசியை எடுத்து, போலிப் பொருளை எம் தலையிற் கட்டிவிட்டீர் என்று கடைக்காரர்க்குச் சுடுசொற்கள் நிறைந்த மடல் ஒன்று வரைந்தோம். மறுநாட் காலை அனுப்புவதென வைத்தோம். பாட்டியாரின் கை மீண்டும் தலையணையை நோக்கிப் போவதைக் கண்டபோது எம் நெஞ்சு இறந்துபட்டது.

பெட்டியின் பக்கத் தகடு திறந்தே இருந்தது. பாட்டியார் மெல்ல எழுந்துவந்து, அதனுள் ஒளிரும் கோபுரத் தகடுகளைத் தம் விரலால் தொட்டார். ‘இது சில்லென்றல்லவா இருக்கிறது!’ என்றார். யாம் திரையைக் காட்டி, ‘ஆயா, அடியில் தொண்ணூற்றைந்து பாகை கொதிக்கிறது’ என்றோம். அவர் சற்றுநேரம் பேசாதிருந்து, ‘அடுப்பு எரிகிறது என்கிறாய், பானையோ சுடவில்லை. அப்படியானால் நடுவில் ஏதோ தடுக்கிறது, கண்ணு. இறக்கிப் பார்’ என்றார்.

இறக்கிப் பார்த்தோம். கூலரின் செப்பு அடித்தட்டின்மேல், அது கீறாதிருத்தற்பொருட்டு ஆலையார் ஒட்டிய ஒரு மெல்லிய நெகிழித் தோல், வெங்காயச் சருகினும் நொய்தாய், எம் களிம்பு பூசப்பெற்று அப்படியே இருந்தது. பூட்டுமுன் உரித்தெறிக என்று அதன்மேல் சிவந்த எழுத்தில் அச்சிட்டும் இருந்தது. நூற்றுக்கணக்கான பழஞ்சுவடிப் பாடவேறுபாடுகளை ஆராயப் பயிலும் எம் கண்ணுக்கு அவ்வொருவரி புலப்படவில்லை!

உத்திரமும் துரும்பும் பற்றிய உவமையை ஞாயிறுதோறும் கேட்டு வளர்ந்த யாம், அன்று அதன் பொருளை முழங்கால் மடக்கித் தரையில் அமர்ந்தவாறே உணர்ந்தோம். குறை கடைக்காரரிடத்தில்லை, களிம்பிலில்லை, காற்றிலுமில்லை. வெப்பம் செல்லும் வழியில் எம் கவனக்குறைவே தோலாய்ப் படர்ந்து நின்றது. இளவலைப் பார்த்து, ‘பிழை என்னுடையது, தம்பி’ என்றோம். அனுப்பாத மடலை அழித்தோம்.

தோலை உரித்து, இரு பரப்பையும் ஆல்கஹாலால் துடைத்து, புதுக் களிம்பு இட்டு மீண்டும் பூட்டினோம். அதே வேலை, அதே அறை. அரைமணி நேரம் கழித்தும் செயலி 74 பாகையைத் தாண்டவில்லை. விளக்கணைத்துச் சிறிது போழ்தில் பாட்டியார் இருளில், ‘பொறியை நிறுத்திவிட்டாயா?’ என்று கேட்டார். அது ஓடிக்கொண்டேயிருந்தது. அவ்வினாவினும் சிறந்த நற்சான்று எக்கூலர்க்கும் கிடைத்திராது.

அதன்பின் யாம் பயின்ற சில சிறு செய்திகளையும் கூறி முடிப்பாம். மேலைச் சுவரோரம் இருந்த மேசையை வடக்குச் சன்னலருகே மாற்றினோம்; பிற்பகல் வெயிலை வாங்கிய சுவரின் அனல் பொறிக்கு இல்லையாயிற்று. முற்றமும் எதிரெதிர் வாயிலும் அமைத்து வீடு கட்டிய முன்னோர் காற்றுக்குப் புகுவழியும் போக்குவழியும் வேண்டுமென அறிந்திருந்தனர். கணிப்பொறிப் பெட்டிக்கும் அதுவே விதி. முன்புற விசிறி காற்றை உள்ளே இழுக்கவும், பின்புற விசிறி வெளியே தள்ளவும் வேண்டும். இரண்டும் காற்றை உள்ளேயே இழுப்பினும், வெளியேயே தள்ளினும் பெருங்கூலரின் பயனும் குறையும். சாலைப் புழுதி தகடுகளிடையே கம்பளிபோற் படியுமாதலின் மாதமொருமுறை மென்தூரிகையாற் துடைக்கின்றோம். நெடிய வேலைகளை இரவின் பிற்பகுதிக்கு ஒதுக்குகின்றோம். அறைக்காற்று குளிர்ந்த அளவு செயலியும் குளிரும், அதற்குச் செலவு ஏதுமில்லை.

பெருஞ்செயலி உடையார் தண்ணீர்க் கூலர் கொள்க, அதற்குத் தடையில்லை. எமக்கு வேண்டுவது இன்னதென அளந்து கொள்ளாமல், பிறர் வீட்டு மேசையிற் கண்டதனை விரும்பிச் செலவிடுதலே தவறு. அன்றியும், குளிர்ச்சி வரவில்லையெனின் இன்னும் பெரிதொன்று வாங்க ஓடுமுன், நடுவே தடுத்து நிற்பது யாதெனத் தேடிப் பார்த்தல் வேண்டும். இது பொறிக்கு மட்டும் உரிய நெறியன்று என்பதனை எம் இளவலும் யாமும் அறிவோம்.

சூன் மாதத்தில் ஒருநாள் விடியற்காலை. பதினேழாம் கேசட்டு இரைச்சல் நீங்கித் துலங்கிற்று. பாட்டியாரைக் கட்டிலில் எழுப்பி அமர்த்தி ஒலிக்கச் செய்தோம். சிற்றூர் ஒன்றின் பனையோலைக் கோயிலில் பாட்டனார் பாடிக்கொண்டிருந்தார். பின்னே பிள்ளைகளின் குரல். ஓரிடத்தில் அவர் இருமி, ‘சற்றுத் தண்ணீர் கொடு’ என்று யாரையோ கேட்டார். ‘என்னைத்தான் கேட்கிறார்’ என்றார் பாட்டியார். வேறொன்றும் சொல்லவில்லை. புதுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் அணிந்துகொண்டார்.

இன்னும் இருபத்தைந்து கேசட்டுக்கள் உள. அடுத்த கோடைக்குமுன் அவற்றை முடித்தற்கு இறைவன் அருள்புரிவானாக.